மிதிவண்டிக்குத் தடை போடுவதன் பெயர் பாதுகாப்பு அன்று!



ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் நம் பள்ளிகள் பலவற்றின் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது. "மாணவர்கள் மிதிவண்டியில் பள்ளிக்கு வர அனுமதி இல்லை." ஏன் என்று கேட்டால், "பாதுகாப்புக்காக" என்று ஒரே சொல்லில் விடை வருகிறது. அந்தச் சொல்லுக்கு மேல் எவரும் கேள்வி கேட்பதில்லை. கேட்பவர் பிள்ளைகள் மீது அக்கறை இல்லாதவராகிவிடுவார் அல்லவா?

இன்று நான் கேட்கப் போகிறேன். யாருடைய பாதுகாப்பு?

பிள்ளை மிதிவண்டியைத் தொடாமல் இருந்துவிடப் போவதில்லை. பள்ளி முடிந்து வீடு சென்றதும் அதே மிதிவண்டியில்தான் கடைக்குப் போகிறான், பிரத்தியேக வகுப்புக்குப் போகிறான், மாலையில் நண்பர்களோடு தாமான் முழுவதும் சுற்றுகிறான். நம் தடை செல்லுபடியாவது காலை ஏழரை மணி முதல் பிற்பகல் வரைதான். மீதி நேரமெல்லாம் அவன் சாலையில் இருக்கிறான், எவராலும் எதுவும் கற்பிக்கப்படாமல். ஆக, அந்த ஒரு வரி அறிவிப்பு காப்பாற்றுவது பிள்ளையை அன்று; விபத்து நேர்ந்தால் "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லக் காத்திருக்கும் நம்மைத்தான். கசப்பாக இருந்தாலும் உண்மை இதுவே.

எட்டு உயிர்கள் போனபின் நாம் கற்றது என்ன?

2017 பிப்ரவரி 18. ஜொகூர் பாரு நகரின் உள்வட்டச் சாலையான ஜாலான் லிங்காரான் டாலாமில், விடியற்காலை மூன்று மணியைக் கடந்த வேளையில், மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்றுகொண்டிருந்த பதின்ம வயதுச் சிறுவர்கள் மீது மகிழுந்து ஒன்று மோதியது. எட்டுப் பேர் மாண்டனர். மேலும் எட்டுப் பேர் காயமடைந்தனர். மாண்டவர்கள் அனைவரும் பதின்மூன்று முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள். 'பாசிக்கல் லாஜாக்' என்ற சொல் நாட்டில் எல்லா வீடுகளுக்கும் தெரிய வந்தது அன்றுதான்.

அதன்பின் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மகிழுந்தை ஓட்டிய இளம்பெண் மீது வழக்கு. 2019இல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விடுதலை செய்தது. மேல்முறையீட்டுக்குப் பின் வழக்கு மீண்டும் அதே நீதிமன்றத்துக்கு வந்து, 2021இல் மீண்டும் விடுதலை. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஆறாண்டுச் சிறையும் ஆறாயிரம் ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கி விடுதலை அளித்தது. ஏறத்தாழ ஆறாண்டுக் காலம் நாடு ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தது: குற்றம் யாருடையது? ஓட்டுநருடையதா, பெற்றோருடையதா, பிள்ளைகளுடையதா?

நீதிமன்றம் கேட்க வேண்டிய கேள்வி அது. அதில் குறை காண எனக்கு உரிமை இல்லை. ஆனால் பள்ளிகளாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பிரேக்கைக் கழற்றிவிட்ட மிதிவண்டி எத்தனை மீட்டருக்குப் பிறகு நிற்கும் என்பதை அந்த எட்டுப் பேரில் எவருக்கேனும் யாரேனும் செய்து காட்டியிருப்பார்களா? விளக்கில்லாத மிதிவண்டி ஓட்டுநர் கண்ணுக்கு எவ்வளவு தொலைவில் தெரியும் என்று யாரேனும் சொல்லியிருப்பார்களா? நானறிந்த பள்ளிகளில் இன்றுவரை அப்படியொரு பாடம் நடந்ததில்லை. தடைதான் இன்னும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டது.

'நம் பிள்ளைகள் அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டா. கிள்ளானிலும் பூச்சோங்கிலும் ரவாங்கிலும் மாலை வேளையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே சற்று நின்று பாருங்கள். இருக்கையைத் தாழ்த்தி, கைப்பிடியை மாற்றி, பிரேக்கைக் கழற்றி ஓட்டும் சிறுவர்களில் நம் வகுப்பறையில் அமர்ந்து எழுதிய முகங்களும் தென்படும்.

நம் சாலைகளின் நிலை

சாலை விபத்துகளில் இந்நாடு 2016ஆம் ஆண்டில் 7,152 உயிர்களை இழந்தது. 2019ஆம் ஆண்டில் 6,167 உயிர்களை இழந்தது. மாண்டவர்களில் பெரும்பகுதியினர் இருசக்கர வண்டியோட்டிகள். அமைப்புகளுக்கும் குறைவில்லை. 2004இல் சாலைப் பாதுகாப்புத் துறை உருவானது. 2007இல் 'மிரோஸ்' எனப்படும் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் உருவானது. தொடக்கப்பள்ளியில் மலாய்மொழிப் பாடத்தோடு சாலைப் பாதுகாப்புக் கல்வியும் இணைக்கப்பட்டுள்ளது. பிள்ளைகள் படம் வரைகிறார்கள், வண்ணம் தீட்டுகிறார்கள், சமிக்ஞை விளக்கின் மூன்று நிறங்களையும் ஒப்புவிக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நீச்சலை வண்ணம் தீட்டிக் கற்பிக்க முடியுமா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் மிதிவண்டி ஓட்டும் பிள்ளை எதிர்கொள்ளும் இடர்கள் பொதுவானவை அல்ல. இந்த இடத்துக்கே உரியவை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, இருட்டு. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. கடிகாரம் நகர்ந்தது, சூரியன் நகரவில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் கோலாலம்பூரில் சூரியன் உதிக்கும்போது மணி ஏறக்குறைய 7.29. நவம்பரில்கூட ஏழு மணிக்குச் சற்று முன்னர்தான். ஏழரைக்குள் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளை, ஆண்டின் பல மாதங்களில் வீட்டைவிட்டுப் புறப்படுவது இருட்டில். அந்த வேளையில்தான் வேலைக்கு விரையும் வாகனங்களும் சாலையில் குவிகின்றன.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மகிழுந்து ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்து, புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே இருபது மீட்டருக்கு மேல் கடந்திருக்கும். வண்டி முழுமையாக நிற்க, காய்ந்த சாலையிலேயே நாற்பது மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். கருநீலக் கால்சட்டையும் கறுப்புப் பையுமாக விளக்கின்றிச் செல்லும் பிள்ளை, அந்தத் தொலைவுக்கு முன்பாகக் கண்ணில் படுவானா? முன்னே ஒரு வெள்ளை விளக்கு, பின்னே ஒரு சிவப்பு விளக்கு, பையின் பின்புறம் ஒளியைத் திருப்பிக் காட்டும் ஒரு பட்டை, இவை மூன்றும் சேர்ந்தால் ஒரு வேளை விரைவு உணவுக்கு ஆகும் செலவுதான். இந்தக் கணக்கை ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் வேகம், தொலைவு, நேரம் கற்பிக்கும்போதே செய்யலாமே! நமக்கு ஏன் தோன்றவில்லை?

இரண்டாவது, மழை. பிற்பகல் இடிமழை நம் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பள்ளி விடும் நேரமும் மழை தொடங்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. மழையின் முதல் சில நிமிடங்கள்தாம் மிகவும் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து மேலே வருவதால். சக்கர விளிம்பைப் பிடித்து நிறுத்தும் பிரேக், விளிம்பு நனைந்திருந்தால் உடனே பிடிக்காது. முதலிரண்டு சுற்றில் நீரைத் துடைக்கத்தான் செய்யும். ஆகவே மழையில் முன்கூட்டியே மெல்ல அழுத்தத் தொடங்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்த வேண்டும். வளைவில் அழுத்தாமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோட்டின் மீதும் இரும்பு மூடியின் மீதும் திரும்பக் கூடாது.

உங்கள் பிள்ளையிடம் இன்று மாலையே கேட்டுப் பாருங்கள்: "உன் மிதிவண்டியில் எந்தக் கைப்பிடி முன் சக்கரத்தை நிறுத்தும், எது பின் சக்கரத்தை?" பத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் தயங்காமல் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இன்னும் சில சிறிய செய்திகள், பெரிய காயங்களுக்குக் காரணமாவன. ஒரு கையில் குடை பிடித்து மறுகையால் ஓட்டுவது. கைப்பிடியில் நெகிழிப்பை தொங்கவிடுவது. அது முன்சக்கரக் கம்பிகளில் சிக்கினால் பிள்ளை தலைகுப்புற விழுவான். தொளதொளத்த மழையங்கி சங்கிலியில் மாட்டுவது. புத்தகப் பையை ஒரே தோளில் தொங்கவிட்டு ஓட்டுவது. வெள்ளம் தேங்கிய சாலையில் 'சும்மா போய்ப் பார்க்கலாம்' என்று இறங்குவது. நம் வீடமைப்புப் பகுதிகளில் மூடியில்லாத கால்வாய்கள் சாலையோரத்திலேயே ஓடுகின்றன. நீர் நிறைந்தால் சாலை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று பெரியவர்களுக்கே தெரியாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா எப்படி நீருக்குள் கிடந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. வெள்ளத்தில் இறங்காதே, மின்னல் வெட்டும்போது மரத்தடியில் நிற்காதே, கட்டடத்துக்குள் ஒதுங்கு, வீட்டுக்குத் தாமதமாக வந்தால் அடி விழாது என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோமா? கடைசியில் சொன்னதுதான் மிகவும் முக்கியம். அடிக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் மழையில் விரைகிறார்கள்.

மூன்றாவது, சரக்குந்து. இது கிள்ளானுக்கே உரிய இடர். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் வண்டிகள் நம் குடியிருப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் இடையே ஓடுகின்றன. காப்பார் சாலையையும் பண்டமாரானையும் அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நீண்ட சரக்குந்து இடப்பக்கம் திரும்பும்போது முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கும். 'நமக்கு வழி விடுகிறார்' என்று எண்ணிப் பிள்ளை இடப்பக்க இடைவெளியில் நுழைவான். அடுத்த கணம் வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற வழியில் செல்லாமல் உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருக்கிறார். தம் இடப்புறத்தில் ஒட்டி நிற்கும் சிறுவனை அவரால் பார்க்கவே முடியாது. அவர் கெட்டவர் அல்லர். அவர் கண்ணுக்குப் பிள்ளை அங்கே இல்லை, அவ்வளவுதான். சந்திப்பில் சரக்குந்தின் இடப்பக்கத்தில் ஒருபோதும் நிற்காதே, அதன் பின்னாலேயே நின்றுவிடு. இந்த ஒரு வாக்கியத்துக்கு ஓர் உயிரின் விலை உண்டு.

நான்காவது, நெரிசல். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வேகம் குறைவு. ஆனால் இரண்டு வரிசையாக மகிழுந்துகள் நிற்கும். அவற்றின் கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கதவின் அகலம் அளவுக்கு விலகி ஓட்டக் கற்பிக்க வேண்டும். எதிர்த்திசையில் ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'எதிரில் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்' என்று பல பெற்றோர்களே பிள்ளைகளை வலப்பக்கத்தில் அனுப்புகிறார்கள். ஆனால் சந்திப்பில் திரும்பும் ஓட்டுநர் அந்தப் பக்கத்திலிருந்து எவரும் வருவார் என்று எதிர்பார்ப்பதே இல்லை.

ஐந்தாவது, புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக் குறியீடு 500ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் புகை பலமுறை வந்து போயிற்று. அந்த நாள்களில் மிதிவண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். மூச்சு வாங்க மிதிக்கும் பிள்ளை நடப்பவரைவிட அதிகப் புகையை உள்ளிழுக்கும். எப்போது ஓட்டக் கூடாது என்று அறிவதும் ஓட்டக் கற்பதன் ஒரு பகுதிதான்.

எதிர்வாதங்களும் என் மறுமொழியும்

"சாலை சரியில்லை ஐயா, முதலில் சாலையைச் சரி செய்யட்டும்" என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். மிட்வேலியையும் மெர்டேக்கா சதுக்கத்தையும் இணைக்க 2015இல் ஒரு மிதிவண்டிப் பாதை திறந்தார்கள். 2018இல் தலைநகரின் நடுவே நீல வண்ணம் பூசித் தடம் போட்டார்கள். மகிழுந்துகள் அதன் மேலேயே நின்றன. இவையெல்லாம் அலுவலகம் செல்வோரையும் சுற்றுப்பயணிகளையும் எண்ணிப் போட்டவை. பள்ளி வாசலை எண்ணிப் போட்டவை அல்ல. கூட்டரசு நெடுஞ்சாலை ஓரத்தில் இருசக்கர வண்டிகளுக்கென 1970களில் கட்டப்பட்ட தனித்தடம் உண்டு. மழை வந்தால் பாலத்தடியில் மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கி வழியை அடைத்து நிற்கும் அந்தத் தடத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளையை அனுப்பச் சொல்லும் அளவுக்கு நான் அறிவிழந்தவன் அல்லன்.

எல்லாப் பிள்ளைகளும் எல்லாச் சாலைகளிலும் ஓட்ட வேண்டும் என்பது என் வாதமும் அன்று. பெருஞ்சாலையைக் கடந்து வர வேண்டிய பிள்ளைக்கு 'வேண்டா' என்றே சொல்ல வேண்டும். அதே தாமானுக்குள் அரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கும் அதே 'வேண்டா' எதற்கு? வழியைப் பார்க்காமல், பிள்ளையைப் பார்க்காமல், மிதிவண்டியைப் பார்க்காமல் எல்லார்க்கும் ஒரே விடை சொல்வது சிந்திக்கச் சோம்பும் செயல். சாலை சரியாகும் வரை காத்திருப்போம் என்றால், இன்று பத்து வயதான பிள்ளை அதற்குள் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுத்திருப்பான். எதையும் கற்காமலே எடுத்திருப்பான் என்பதுதான் இதில் கொடுமை.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை" என்கிறார்கள் ஆசிரிய நண்பர்கள். நானும் அதே வகுப்பறையில்தான் நிற்கிறேன். பதிவேடுகளின் சுமையை எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உடற்கல்வியும் நலக்கல்வியும் கால அட்டவணையில் உள்ளன. புறப்பாட நடவடிக்கை உண்டு. சாரணர் இயக்கம் உண்டு. ஆண்டுக்கு ஆறு சனிக்கிழமைகள் கிடைக்காதா? பரிசளிப்பு விழா நடன ஒத்திகைக்கு எத்தனை சனிக்கிழமைகள் கிடைக்கின்றன!

"ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு?" இதுதான் உண்மையான காரணம்; மற்றவை அதற்குப் போட்ட போர்வைகள். பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் இந்தத் திட்டத்தை முன்வைத்தேன். பள்ளியின் பெயர் வேண்டா. ஐந்து நிமிடத்தில் கை உயர்த்தித் தள்ளுபடி செய்தார்கள். "பிள்ளைகளின் உயிரோடு விளையாட முடியாது" என்று ஒருவர் முழங்கினார், கைத்தட்டலும் கிடைத்தது. கூட்டம் முடிந்ததும் அவர் தம் இரு பிள்ளைகளையும் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளின் முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எவரும் எதுவும் சொல்லவில்லை. நம் ஊரில் அது வழக்கம். வழக்கமானது நம் கண்ணுக்கு ஆபத்தாகத் தெரிவதில்லை.

பள்ளி வாசலையும் சொல்ல வேண்டும். மிதிவண்டி வேண்டா என்று மகிழுந்தில் கொண்டுவந்து விடுகிறோம். வாசலுக்கு நேரே இரண்டு வரிசையாக நிறுத்துகிறோம், பின்னோக்கி நகர்த்துகிறோம், கைப்பேசியில் பேசிக்கொண்டே திரும்புகிறோம். நடந்து வரும் பிள்ளைக்குப் பள்ளி வட்டாரத்தில் மிகப் பெரிய ஆபத்து, தம் பிள்ளையைப் பாதுகாப்பாக இறக்கிவிட வந்த அடுத்த பெற்றோர்தாம்.

இன்னும் ஒன்று. இந்தத் தடை எல்லாரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. மகிழுந்து உள்ள வீட்டுக்கு அது ஒரு செய்தியே அன்று. தாய் தொழிற்சாலையில் காலை வேலைக்குப் போய்விட்ட வீட்டுக்கு, பள்ளி வேன் கட்டணம் கட்ட இயலாத அடுக்குமாடி வீட்டுக்கு, மூன்று பிள்ளைகள் உள்ள தனித்தாயின் வீட்டுக்கு, மிதிவண்டிதான் வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரைக் காப்பாற்றும் ஒரே வழி. நம்மில் பலர் தோட்டத்து லயங்களிலிருந்து செம்மண் பாதையில் மிதிவண்டி மிதித்துப் பள்ளிக்கு வந்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகருக்கு வந்தோம். பாதை தாராக மாறியது, வண்டிகள் பெருகின, ஆபத்தும் மாறியது. ஆனால் ஆபத்து மாறியபோது பாடத்தை மாற்றாமல் மிதிவண்டியையே நிறுத்தச் சொன்னோம்.

பிறர் என்ன செய்தார்கள்?

நெதர்லாந்தை இன்று மிதிவண்டி நாடு என்கிறோம். 1971ஆம் ஆண்டில் அந்நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளைச் சாலையில் இழந்த செய்தியாளர் ஒருவர் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்னும் பெயரில் மக்கள் இயக்கமே பிறந்தது. பெற்றோர்கள் தெருவில் இறங்கினர். அரசு தனிப் பாதைகளைக் கட்டியது. பள்ளிகளும் சும்மா இருக்கவில்லை. இன்றும் அங்கே தொடக்கப்பள்ளி முடிக்குமுன் பிள்ளைகள் போக்குவரத்துத் தேர்வு எழுதுகிறார்கள். பல பள்ளிகளில் உண்மையான தெருவில் மிதிவண்டி ஓட்டியும் காட்டுகிறார்கள். சாலையை மாற்றச் சொல்லிக் கேட்டவர்கள்தாம் பிள்ளைக்கும் கற்பித்தார்கள். ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்றை விடவில்லை.

'அது வெள்ளைக்காரன் நாடு' என்பீர்கள். சரி, புதுக்கோட்டைக்கு வாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தின் அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில், எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே மிதிவண்டி ஓட்டக் கற்றதைச் செய்தியாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். வயல் வேலை செய்யும் பெண்களுக்கு, ஊர் ஏளனம் செய்த காலத்தில், பயிற்சி முகாம் போட்டு முறையாகக் கற்பித்தார்கள். எழுத்தைப் போலவே மிதிவண்டியும் கற்பிக்கப்பட வேண்டியது என்று தமிழர்களே செய்து காட்டிய பின்னும், நாம் அதை விளையாட்டுப் பொருளாகவே பார்க்கலாமா?

செய்ய வேண்டியவை

குறை சொல்லி நிறுத்திவிடும் கட்டுரை எனக்குப் பிடிக்காது. ஆகவே திட்டமாகவே சொல்கிறேன்.

1. நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை, ஆறு சனிக்கிழமைகள் கொண்ட மிதிவண்டிப் பயிற்சியைப் பள்ளித் திடலில் நடத்துவோம். சுண்ணாம்பால் சாலையும் சந்திப்பும் வரைந்தால் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஐந்து மிதிவண்டிகளும் ஐந்து தலைக்கவசங்களும் வாங்கித் தந்தால், மிதிவண்டி இல்லாத பிள்ளையும் கற்கும்.

2. பயிற்சியில் வெறும் ஓட்டம் வேண்டா. பிரேக், சங்கிலி, காற்று ஆகியவற்றைச் சோதித்தல். தடுமாறாமல் ஒரு கை நீட்டிச் சைகை காட்டுதல். நேராக ஓட்டிக்கொண்டே வலத்தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தல். நீர் தெளித்த தரையில் கோட்டுக்குள் நிறுத்துதல். பையைப் பின்னால் கட்டி ஓட்டுதல் ஆகிய ஐந்தும் இருக்கட்டும்.

3. ஒரு நாள் பள்ளிப் பேருந்தைத் திடலருகே நிறுத்தி, அதன் இடப்புறத்தில் பத்து மாணவர்களை நிற்க வைத்து, மற்றவர்களை ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் அமரச் செய்யுங்கள். "எத்தனை நண்பர்கள் தெரிகிறார்கள்?" என்று கேளுங்கள். அதன் பிறகு பெரிய வண்டியைப் பற்றி நீங்கள் நீளமாகப் பேச வேண்டியிருக்காது.

4. தடையை எடுத்துவிட்டு அனுமதி முறையைக் கொண்டுவருவோம். பயிற்சியில் தேறிய பிள்ளை, இரண்டு பிரேக்கும் விளக்குகளும் உள்ள மிதிவண்டி, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்த வழி ஆகிய மூன்றும் இருந்தால் அனுமதி. ஒன்று குறைந்தாலும் இல்லை. பிரேக் கழற்றிய மிதிவண்டி பள்ளி வளாகத்துக்குள் ஒரு நாளும் நுழையக் கூடாது.

5. கிள்ளான் மாநகர் மன்றத்துக்கும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கும் ஒவ்வொரு பள்ளியும் எழுத வேண்டும். பள்ளியைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குள் எந்தக் கால்வாய்க்கு மூடி இல்லை, எந்த விளக்கு எரியவில்லை, எங்கே வேகத் தடுப்பு வேண்டும் என்று மாணவர்களையே வரைபடம் வரையச் செய்து அதனோடு அனுப்புவோம். '30' என்று பலகை நட்டுவிட்டால் வேகம் குறைந்துவிடாது என்பதை எடுத்துச் சொல்வோம். பொது மனுவை ஒதுக்குவது எளிது; எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணோடு வந்த மனுவை ஒதுக்குவது கடினம்.

இவற்றில் எதற்கும் அமைச்சின் பெரிய திட்டம் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மனமுள்ள ஒரு தலைமையாசிரியர், இரண்டு ஆசிரியர்கள், நான்கு பெற்றோர்கள் போதும்.

முடிவாக ஒன்று. ஜொகூர் பாருவில் மாண்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது "விதி" என்றும் "வளர்ப்பு சரியில்லை" என்றும் சொல்லிக் கடந்து போனவர்கள் பலர். விதி என்று சொன்னால் நமக்கு வேலை இல்லை. வளர்ப்பு என்று சொன்னால் குற்றம் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. இரண்டுமே வசதியான விடைகள். பதின்மூன்று வயதில் பிரேக்கைக் கழற்றும் சிறுவன், பத்து வயதில் நம் வகுப்பில்தான் அமர்ந்திருந்தான். அந்த மூன்றாண்டுக்கு முன் அவனுக்குக் கற்பிக்க நமக்கு வாய்ப்பு இருந்தது.

உங்கள் பள்ளியின் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கை உயர்த்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தடை போட்டீர்கள், சரி, பள்ளி விட்டபின் மிதிவண்டி ஏறும் பிள்ளைக்கு என்ன கற்பித்தீர்கள்?" வருகிற விடையை மறக்காமல் எனக்கும் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருப்பின் அதையும் எழுதுங்கள், வாதிடுவோம்.